நூல் வெட்டிய அக்கா கேட்ட கேள்வி

மொன்ட்ரியால் நகரத்தில், வில்லரேயில் ஒரு சாப்பாட்டுக் கடை. அஹுன்ட்சிக்கில் நானூறு பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஒரு கலியாண மண்டபம். மொன்ட்ரியால்-நோரில் மூன்று வான்கள் வரிசையாக வந்து நிற்கிற ஒரு சமையற்கூடம். இவற்றை நான் கட்டினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டினேன். பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலம் அரைகுறை. காலில் கிடந்த பனிச் சப்பாத்துக்கூட இன்னொருவர் தந்தது, அதிலும் இடது கால் பெரிது. மண்டபத்துக்குக் கூரை போடுகிற நேரத்தில் குளிர் முந்திக்கொண்டது. கூரைக்காரர்கள் இனி வசந்தத்தில்தான் என்று சொல்லிவிட்டு ஏணியை மடித்துக்கொண்டு போனார்கள். நான் வேறு ஏணி கொண்டுவந்து ஏறினேன். அந்தக் கூரை இன்றைக்கும் ஒரு துளி ஒழுகவில்லை. வந்து பார்க்கலாம்.

மண்டபத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். நான் என் கதையைத் தொடங்கக் கதிரையை இழுத்துப் போட்டேன். ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், நூல் வெட்டின அக்காவைப் பற்றி எழுதித் தாங்கோ. உங்களைப் பற்றிப் பேந்து ஒரு மலரில போடுவம்."

சரி. எழுதுகிறேன். ஆனால் என்னை விட்டுவிட்டு அந்த அக்காவை எழுத முடியாது. ஏனென்று கடைசியில் விளங்கும்.

அக்காவின் பெயரை நான் போடப்போவதில்லை. போட்டால் நம்மவர்கள் எந்த ஊர், ஆருடைய மகள், எந்தக் கோயிலடி என்று தொடங்குவார்கள். மட்டக்களப்புப் பக்கம் என்பது போதும். பிறகு என்பதற்கு நாங்கள் 'பேந்து' என்கிற இடத்தில் அவர் 'மறுகா' என்பார், நாங்கள் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆள் கட்டை. ஆண்கள் போடுகிற ஒரு நீளக் கோட்டு, குதிக்கால் வரை தொங்கும். கழுத்தில் ஒரு நாடாவில் சின்னக் கத்தரிக்கோல். ஒரு தையல் தொழிற்சாலையில், தைத்து வருகிற சட்டைகளில் மிச்சமாகத் தொங்குகிற நூல்களை வெட்டுவது அவருடைய வேலை. வேலை முடிந்தாலும் கத்தரிக்கோலைக் கழற்ற மாட்டார். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் கோட்டில் ஒரு நூல் தொங்கினால் போதும். அந்த மனிதர் வெள்ளையோ கறுப்போ, பெரிய உத்தியோகத்தரோ, கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். 'கிளிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த மனிதர் திரும்பிப் பார்ப்பார். அக்கா வெட்டிய நூலைக் காட்டுவார். பெரும்பாலானவர்கள் 'மெர்சி' என்று நன்றி சொல்வார்கள். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வரும்.

கேள்வியைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி. கடை எரிந்தவர்கள், வீடு எரிந்தவர்கள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தவர்கள், எல்லோரும் கிடைத்த வழியால் வந்து இந்தக் குளிருக்குள் இறங்கினோம். கிடைத்த வேலையைச் செய்தோம். ஆனால் அது என்ன வேலை என்று வாயால் சொல்ல மாட்டோம். எங்கே வேலை என்றால் 'ஒரு கொம்பனியில.' கேட்டவரும் ஒரு கொம்பனியில்தான். அதோடு கதை முடிந்துவிடும். ஊரைக் கேட்கலாம், படித்த பள்ளிக்கூடத்தைக் கேட்கலாம், பாட்டனார் ஆர் என்றுகூடக் கேட்கலாம். கொம்பனியில் என்ன செய்கிறீர் என்று மட்டும் கேட்கக்கூடாது. அது ஆளின் சட்டையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி.

நான் இருந்த வீட்டில் ஐந்து பேர். அதில் ஒருவர் ஊரில் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர், இன்னொருவர் படிப்பித்தவர். இரண்டு பேரும் காலையில் மடிப்புக் கலையாத காற்சட்டையோடு, ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகப் போவார்கள். ஒருநாள் ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில், ஒருவர் ஊத்தைத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, மற்றவர் குப்பை வாளியோடு எதிரே வந்திருக்கிறார். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்து போயிருக்கிறார்கள். அன்று பின்னேரம் ஒரே பானைச் சோற்றை ஒன்றாக இருந்துதான் சாப்பிட்டார்கள். இன்றைக்குக் கொம்பனியில் கரைச்சலோ என்று ஒருவர் விசாரிக்க, அவ்வளவாக இல்லை என்று மற்றவர் சொல்லிக்கொண்டு குழம்பை விட்டார். நானும் பக்கத்தில் இருந்துதான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது. இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது, அக்காவின் கேள்வி எங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகு.

அந்தக் கேள்வி ஸ்பானிஷ்.

அக்கா வேலைக்குப் போன முதல் நாள், தொழிற்சாலை வாசலில் கதவு திறக்கும்வரை பெண்கள் குளிரில் நின்றிருக்கிறார்கள். எல் சல்வடோரிலிருந்து வந்த ஒரு தையற்காரி பக்கத்தில் நின்றாள். அவளும் எங்களைப்போல் ஓடிவந்தவள்தான். தன் பாணில் பாதியைப் பிய்த்து அக்காவிடம் நீட்டி, தோளில் ஒரு தட்டுத் தட்டி, "இ வோஸ், என் கே திரபஹாஸ்?" என்றாள். பாணோடு வந்த சொல் என்றபடியால், இது இந்த நாட்டு வணக்கம் என்று அக்கா நினைத்துக்கொண்டார். திருப்பி அதையே சொன்னார். அந்தப் பெண் சிரித்தாள், ஏதோ பதில் சொன்னாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அக்கா எல்லோருக்கும் அந்த வணக்கத்தை வைத்தார். பஸ் சாரதிக்கு வைத்தார். தேவாலயத்துப் பாதிரியாருக்கு வைத்தார். டெப்பனர் என்கிற தெருமூலைக் கடையின் கடைக்காரருக்குத் தினமும் வைத்தார். அந்த மனிதர் ஒருநாள் பொறுமை இழந்து கல்லாப்பெட்டியையும், பால் போத்தல்களையும், தன்னையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினாராம்.

அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில்தான் உண்மை தெரிந்தது. வணக்கம் சொல்லச் சொன்ன ஆசிரியைக்கு அக்கா இந்த வணக்கத்தைச் சொல்ல, அவர் கையால் சைகை காட்டி, படம் கீறி, விளங்கப்படுத்தியிருக்கிறார். இது பிரெஞ்சே இல்லை, ஸ்பானிஷ். அதுவும் வணக்கம் இல்லை. 'அப்ப நீ? என்ன வேலை செய்கிறாய்?' என்று கூட்டாளிகள் ஆளையாள் தோளில் தட்டிக் கேட்கிற கேள்வி. வகுப்பே சிரித்ததாம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, தான் யார் யாரிடம் கேட்டது என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறார். வேறு ஆளாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பார். அக்கா விடவில்லை. ஏன் என்று நான் பிறகு கேட்டேன்.

"வந்த நாள் தொட்டு எல்லாரும் நேத்து நடந்ததையே கேட்டாங்க தம்பி. ஏன் வந்தாய், எப்பிடி வந்தாய், ஆரைப் பறிகுடுத்தாய். இவ ஒருத்திதான் இண்டைக்கு என்ன செய்யிறாய் எண்டு கேட்டா. அதுக்குத்தான் எனக்கிட்டப் பதில் இருந்த."

அந்தப் பதில் 'கோர்த்தோ ஈலோஸ்.' நூல் வெட்டுகிறேன் என்று அர்த்தம். எங்கள் பாசையில் கோர்ப்பது அவர்கள் பாசையில் வெட்டுவதாம். அதையும் சொல்லிச் சிரிப்பார்.

நான் அக்காவைக் கண்டது பஸ் தரிப்பில். நல்ல பனி. நான் ஒரு உணவகத்தின் சமையலறையில் பெரிய சட்டிகள் கழுவிய காலம், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்காவோடு ஒரு பெண்பிள்ளை நின்றாள். முகத்தைக் கம்பளித் துணியால் மூடிக் கண் மட்டும் தெரிய நின்றாள். நான் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதை மறைக்க என்ன இருக்கிறது, அந்தக் கண்தான் இப்போது பக்கத்து அறையிலிருந்து மின்விளக்கை அணைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறது. என் முழங்கையில் 'கிளிக்' என்றது. பிறகு கேள்வி வந்தது.

தமிழில் கேட்டிருந்தால் நானும் கொம்பனி என்றுதான் சொல்லியிருப்பேன். ஸ்பானிஷில் கொம்பனிக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சமையலறையில் அந்த நாட்டுப் பையன்களோடு சேர்ந்து பொறுக்கிய சொற்கள். ஆகவே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "லாவோ ஓயாஸ்." சட்டி கழுவுகிறேன்.

அக்கா என் கையைப் பார்த்தார். சவர்க்காரத் தண்ணீரில் வெடித்த கை.

"நல்ல வேலை தம்பி. குளிருக்குக் கை சூடா இரிக்கும்."

எவரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை. அன்று தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டபோது பார்த்தேன். உண்மையாகவே சூடாகத்தான் இருந்தது.

அதுதான் அக்கா. கேட்பார், பதில் வரும், உடனே 'நல்ல வேலை' என்பார். சும்மா முகஸ்துதிக்கு இல்லை, அந்த வேலையில் மற்றவருக்குத் தெரியாத ஒரு நன்மையைப் பிடித்து எடுப்பார். கோழித் தொழிற்சாலைக்காரனிடம், வீட்டுக்கு வந்தால் கோழி தின்ன ஆசை வராது, உடம்புக்கு நல்லது என்றார். கட்டடங்களில் தரை துடைத்தவரிடம், எல்லாரும் போனபிறகு முழுக் கட்டடமும் உங்களுக்குத்தான் என்றார். அந்த மனிதர் அன்றிலிருந்து பெரிய முதலாளியின் கதிரையில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதாக எனக்குச் சொன்னார்.

ஒரு பொங்கல் ஒன்றுகூடலில், தமிழ்நாட்டிலிருந்து நெடுங்காலம் முன்னரே வந்து இருந்துவிட்ட ஒரு டாக்டரிடமும் கேட்டுவிட்டார். பட்டுச் சேலை கட்டியிருந்த மனைவி பதறிப்போய், "அவங்க டாக்டருங்க" என்றார். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"நல்ல வேலை. ஆக்கள் தாங்களா வந்து வருத்தத்தைச் சொல்லுவாங்க. நான் ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டுக் கேட்டெல்லோ எடுக்க வேண்டியிரிக்கு."

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு எங்கே கண்டாலும் அவர்தான் முந்திக்கொண்டு அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

கேள்வி பரவியது. இளம் பெடியள் முதலில் பகிடிக்குக் கேட்டார்கள். பகிடிக்குக் கேட்டதற்கு உண்மையான பதில் வந்தது. அதுதான் ஆச்சரியம். தமிழில் கேட்டால் கொம்பனி, ஸ்பானிஷில் கேட்டால் சட்டி, வாளி, கோழி, துடைப்பம் எல்லாம் வெளியே வந்தன. ஆர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்ததும் ஒருவர் மற்றவரை உள்ளே இழுத்து வேலை எடுத்துக் கொடுத்தார். நிலவறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு போன அந்த இரண்டு பேரும் பிறகு ஒரே பஸ்ஸில் ஒன்றாகப் போனார்கள்.

இனி நான் வருகிறேன். இதைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும்.

பஸ் தரிப்பில் நின்ற பெண்பிள்ளை வதனி. அக்காவின் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, அதே தொழிற்சாலையில் பொத்தான் தைத்தாள். நான் கேட்டேன், அவள் சம்மதித்தாள், அது வேறு கதை. தாய் தகப்பன் ஊரில். இந்த நாட்டில் அவளுக்குப் பொறுப்பு ரொறன்ரோவில் இருந்த தாய்மாமன். கணக்காளர் என்று கேள்வி. அவர் சரி என்றால் கலியாணம். இல்லையென்றால் பிள்ளையைக் கையோடு ரொறன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், தான் பார்த்து வைத்திருந்த ஒரு எஞ்சினியருக்குக் கட்டிக்கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது.

எங்கள் வீட்டில் இருந்த சிவநேசன் வாய்க்காரன். நல்ல மனத்தோடு எனக்காக ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்து, மாப்பிள்ளை ஹோட்டலில் சுப்பவைசர் என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னான். வதனியிடம் ஓடினேன்.

"மாமாவுக்குச் சட்டி எண்டா சரிவராது" என்றாள் அவள். "நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. சிவநேசன் அண்ணை கதைக்கட்டும். ரொறன்ரோவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை."

அக்காவிடம் போனேன். நீங்களாவது மாமாவிடம் ஏதும் கேட்டு வைக்காதீர்கள் என்று கும்பிட்டேன். அவர் சொன்னார்: "தமிழில நான் ஒண்டும் கேக்க மாட்டன்." நானும் நிம்மதியாக வந்துவிட்டேன். எவ்வளவு மொக்கு வேலை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா அக்காவின் வீட்டுக்கு வந்தார். கோட்டு, கழுத்துப்பட்டி, முகம் தெரிகிற மாதிரி மினுக்கிய சப்பாத்து. அதைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்து நடுக் கதிரையில் இருந்தார். நான் எதிரே. சிவநேசன் எனக்குப் பக்கத்தில், வழக்கறிஞர் மாதிரி. வதனி குசினி வாசலில் கை துடைக்கிற துவாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா முதலில் ஊரைக் கேட்டார். சொன்னேன். பகுதியைக் கேட்டார். சொன்னேன். படிப்பைக் கேட்டார். எட்டு என்றேன். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து எட்டை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார்.

சிவநேசன் பாய்ந்தான். "படிப்பு எட்டெண்டாலும் ஆள் ஹோட்டலில சுப்பவைசர் அண்ணை."

"உமக்குக் கீழ எத்தினை பேர் தம்பி வேலை செய்யினம்?"

எனக்குக் கீழே இருந்தது தண்ணீர் ஓடுகிற பீலி ஒன்றுதான்.

"அது நாளுக்கு நாள் மாறும் அண்ணை" என்றான் சிவநேசன்.

"நான் தம்பியைக் கேட்டனான்."

நான் நிலக் கம்பளத்தைப் பார்த்தேன். ஒரு பத்துப் பேர் என்று சொன்னால் முடிந்தது. நாக்கு வரை வந்துவிட்டது. குசினி வாசலில் வதனி துவாயைப் பிழிகிறாள், காய்ந்த துவாயை. அப்போது அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். என் முன்னால் குனிந்தார். பஸ் தரிப்பில் கேட்ட அதே குரல், அதே சிரிப்பு.

"இ வோஸ், என் கே திரபஹாஸ்?"

சிவநேசன் மூச்சை விட்டான். மாமாவுக்கு இது விளங்கப்போவதில்லை, கதை திசைமாறிவிடும் என்று அவனுக்குச் சந்தோசம். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பாசையில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதில் பொய்க்கு எனக்குச் சொல்லும் தெரியாது.

"லாவோ ஓயாஸ்" என்றேன். மெதுவாக இல்லை. வீடு முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

மாமா கோப்பையை உதட்டிலிருந்து எடுத்தார். கீழே வைத்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கிராந்தேஸ்?"

பெரிய சட்டிகளா என்று கேட்கிறார். ஸ்பானிஷில் கேட்கிறார். சிவநேசனின் வாய் திறந்தபடி நின்றது. நான் இரண்டு கையையும் விரித்து, ஒரு பிள்ளை உள்ளே இருந்து குளிக்கலாம் என்கிற அளவைக் காட்டினேன். மாமா தலையை ஆட்டினார். அந்த அளவுச் சட்டி அவருக்குத் தெரிந்த சட்டி.

எல்லோரும் அதிசயப்பட்டு நிற்க அக்கா மட்டும் அதிசயப்படவில்லை. தட்டை மாமாவின் பக்கம் திருப்பினார். கோட்டுக் கையில் ஒரு நூல் தொங்கியது, புதுக் கோட்டு. கத்தரிக்கோலை எடுத்தார். கிளிக்.

"இ வோஸ்?"

மாமா வதனியைப் பார்த்தார். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைக் கொஞ்சம் இளக்கினார். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடத்தை ஒப்புவிக்கிற மாதிரி, நிமிர்ந்து இருந்து சொன்னார்:

"பெலோ செபோயாஸ்."

வெங்காயம் உரிக்கிறேன்.

வதனி துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு கேட்டேன், இரண்டும் என்றாள். அவளை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்ததே அந்த மாமாதான். எல்லாம் கணக்காளரின் உழைப்பு என்றுதான் அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மாமாவின் கோப்பையை எடுத்து அவர் கையிலேயே திரும்பவும் கொடுத்தார்.

"நல்ல வேலை. அழுதாலும் ஏனெண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

மாமா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அந்த மனிதர் சிரித்த சிரிப்பை நான் என்னவென்று எழுதுவேன். தேத்தண்ணி தட்டில் ஊற்றுப்பட்டது. சிவநேசன் சிரித்தான், நான் சிரித்தேன், கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

அடங்கிய பிறகு மாமா கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு தமிழுக்குத் திரும்பினார்.

"கலியாணச் சமையல் ஆர்?"

"நான்தான்" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அதுவரை ஐந்து பேருக்கு மேல் நான் சமைத்ததில்லை.

"வெங்காயம் என்ர பொறுப்பு. கலியாணத்துக்கு நல்ல நாளைப் பாருங்கோ."

வெங்காயத்தைப் பற்றித் தமிழில் அவர் வாயைத் திறந்தது அந்த ஒருமுறைதான். கடைசிவரை தமிழில் அவர் கணக்காளர். மற்றதைப் பேச வேண்டுமென்றால் ஸ்பானிஷில்தான் பேச வேண்டும், நானும் அப்படியே பேசினேன். இப்போது எழுதிவிட்டாயே என்று கேட்பீர்கள். கேட்டுத்தான் எழுதினேன். "எழுதுங்கோ, மாமா இருந்தா அவரும் சிரிப்பார்" என்றாள் வதனி.

கலியாணம் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில். நான் கழுவுகிற சட்டிகளையே முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். சட்டியின் குணம் அதைக் கழுவுகிறவனுக்குத்தான் தெரியும், எதில் அடிப்பிடிக்கும், எதில் பிடிக்காது என்று. மாமா கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு, ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் இருந்தார். அந்த விரல்களைப் பார்க்கச் சனம் குசினி வாசலில் கூடிவிட்டது. ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கந்தோர்க்காரரும் படிப்பித்தவரும் தாங்களாகவே கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, ஒருவர் மேசை விரிப்புகளைப் பார்த்தார், மற்றவர் குப்பையைப் பார்த்தார். அவரவர் கொம்பனி வேலை. கோழிக்காரன் கோழி வெட்டினான். நான் மாப்பிள்ளை வேட்டியோடு குழம்புச் சட்டியைக் கிளறிவிட்டுத்தான் தாலி கட்டப் போனேன். தாலிக் கொடியில் மஞ்சள் வாசமும் மிளகாய்த்தூள் வாசமும் சேர்ந்து வந்தது என்று வதனி இன்றைக்கும் சொல்லுவாள்.

சாப்பிட்டுவிட்டுச் சனம் கேட்டது, சமையல் ஆர். மாப்பிள்ளை என்றார்கள். அடுத்த மாதம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குச் சமைக்க வரச்சொல்லிக் கேட்டார்கள். அதற்கடுத்து ஒரு கலியாணம். அங்கே தொடங்கியதுதான் கடை, பிறகு சமையற்கூடம், பிறகு மண்டபம்.

மண்டபம் திறந்த நாள் நகரசபையிலிருந்து ஆள் வந்திருந்தார். டாக்டரும் மனைவியும் வந்திருந்தார்கள். நான் அளந்து தைத்த கோட்டுப் போட்டு வாசலில் நின்றேன், வருகிறவர்களெல்லாம் முதலாளி முதலாளி என்று கை கொடுத்தார்கள். அக்கா மொன்ட்ரியால்-நோரிலிருந்து பஸ் மாறி வந்தார். அதே நீளக் கோட்டு, தலை முழுக்க வெள்ளை. கூரையை அண்ணாந்து பார்த்தார். தூண்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகம் என்ன கேட்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நகரசபை ஆள் பக்கத்தில் நிற்கிறார்.

"இ வோஸ்?" என்றார். முழுக் கேள்வியும் தேவைப்படவில்லை.

"லாவோ ஓயாஸ்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "நல்ல வேலை. குளிருக்குக் கை சூடா இரிக்கும்." பிறகு என் புதுக் கோட்டின் பொத்தானடியில் ஒரு கிளிக்.

நகரசபை ஆளிடமும் கேட்டார். அந்த மனிதர் தன் வேலையை விளங்கப்படுத்தி முடிக்கச் சாப்பாடு ஆறிவிட்டது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், நல்ல வேலை, எல்லா விசேசத்திலும் முதல் பந்தி கிடைக்கும் என்றார். அதை நான்தான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாகப் போய்விட்டது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கண்ணை மூடிக்கொண்டே ஒரு தாதியிடம் கேட்டாராம். அந்தத் தாதி பெரு நாட்டுக்காரி. ஸ்பானிஷைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, தன் வேலையின் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் எழும்பினாளாம். வதனி பக்கத்தில் இருந்தாள். தாதிக்கும் 'நல்ல வேலை' கிடைத்தது என்றாள்.

இனி மலர்க்குழுப் பிள்ளைகளுக்கு. அக்காவின் படத்தை முழுப் பக்கத்தில் போடுங்கள், கத்தரிக்கோல் தெரியப் போடுங்கள். எங்கள் சனம் தலை நிமிர்ந்தது அவருடைய கேள்வியால் என்று எழுதுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி தனியாக நின்று என்ன செய்யும்? டெப்பனர் கடைக்காரரிடமும் கேட்டார், அவர் பால் போத்தலைக் காட்டினார். பஸ் தரிப்பில் தமிழன் ஒருவன் முதல் பதில் சொன்னான். பெண் கேட்டு வந்த இடத்தில், கழுத்துப்பட்டி கட்டிய மாமாவுக்கு முன்னால், பெண்ணை இழக்கிற அபாயத்தோடு அதே பதிலை உரக்கச் சொன்னான். அவன் பத்துப் பேர் என்று சொல்லியிருந்தால் மாமா வெங்காயத்தை விழுங்கிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் பஸ் ஏறியிருப்பார். கேட்டது அவர். சொன்னது நான். பாதி எனக்குச் சேர வேண்டும்.

ஆகவே அக்காவின் படத்துக்கு அடுத்த பக்கத்தில் என் படத்தைப் போடுங்கள். பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள், பிழையில்லாமல். கீழே தொழில் என்கிற இடத்தில் மண்டப உரிமையாளர், தொழிலதிபர் என்று ஏதாவது போட்டுவைத்தீர்களோ, மலரைத் திருப்பி அச்சகத்துக்கே அனுப்புவேன். சரியானதைப் போடுங்கள்.

லாவோ ஓயாஸ்.